கொம்புக்கு மிஞ்சிய பெயிண்ட்

தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, ஜெயித்தவர் நன்றி சொல்ல ஜீப்பில் வந்து போன பிறகும் கன்னியப்பனின் துப்பாக்கி ஸ்டேஷனிலேயே கிடந்தது. தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். மில்லில் நெல் லோடு ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் அவருக்குப் போக ஒழியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தோளில் உமித்தூசியோடு செஞ்சி கூட்டு ரோட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போனார்.

ஏட்டு கோணியைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தார்.

"யோவ் கன்னியப்பா, இது இன்னாயா?"

"துப்பாக்கி சார்."

"துப்பாக்கின்னு நீ சொல்ற. எனக்குக் கரகாட்டத்துக்கு எடுத்துனு போற கட்ட மாதிரி இருக்குது."

அப்படித்தான் இருந்தது. குழல் இரண்டும் நீலம். கட்டை சிவப்பு. மேலே, சுத்தியல்போல் விழுந்து தோட்டாவை அடிக்கும் இரண்டு குதிரையும் மஞ்சள். விசையைச் சுற்றிய வளையம் பச்சை. உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு நிறம், அதற்கும் அடியில் இன்னொன்று. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு அடித்தது போக டப்பாவில் மிஞ்சுகிற பெயிண்டைத் துப்பாக்கிக்கு அடிப்பது அந்த வீட்டு வழக்கம். மண்வெட்டி, களைக்கொட்டு, கடப்பாரை, துப்பாக்கி என்று வரிசையாகச் சாத்திவைத்துப் பொட்டு வைத்துப் படைப்பார்கள். கன்னியப்பனின் நைனா தங்கராசு ஆரம்பித்த வழக்கம். ஐம்பது வருஷம், ஐம்பது பூச்சு. மாட்டுக்குக் கேடில்லை, கொம்பில் நம்பர் கிடையாது. துப்பாக்கிக்கு நம்பர் உண்டு.

ஏட்டு லைசன்ஸ் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல இன்னா எழுதியிருக்குது? ரெட்டக்குழல் ரைஃபிள். இங்கிலாந்துல செஞ்சது. நம்பர் பதினோராயிரத்து நானூத்தி எழுபத்தி மூணு. ரைஃபிள்னா குழலுக்குள்ள புரி இருக்கணும், திருகாணியில இருக்கிற மாதிரி. நானும் டார்ச் அடிச்சுப் பாத்தன். அடுப்பூதற குழல் கணக்கா மொழுமொழுன்னு இருக்குது. நம்பரும் இல்ல. மடக்கித் தொறக்கவும் வர்ல."

"ஒவ்வொரு வாட்டியும் நான் நம்பர் சொல்லுவன், எழுதிக்குவாங்க சார்."

"இந்த வாட்டி அது ஆவாது. வர்ற வியாழக்கெழம விழுப்புரத்துலேர்ந்து ஆர்மரர் வராரு. எல்லாத் துப்பாக்கியையும் புத்தகத்தோட ஒத்துப் பாக்கப் போறாரு. இத்தப் பாத்தா இன்னா எழுதுவாரு? ஒரிஜினல வித்துட்டு, நாட்டுத் துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான்னு எழுதுவாரு. எழுதினா கேஸ்தான்." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "ஒம் பொண்ணு போலீசு லிஸ்டுல வந்திருக்குதுல்ல? வெரிஃபிகேஷன் இங்கதான் வரும். வூட்டுல ஆயுதக் கேஸ்னு இருந்தா அதுல இன்னா எழுதறது, நீயே சொல்லு. எனக்கும் பொண்ணு இருக்குது. வியாழக்கெழம வரைக்கும் டைம். எடுத்துனு போய் நம்பரக் காட்டற மாதிரி கொண்டா."

கன்னியப்பன் கோணியைச் சுற்றி டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வந்த கதை காலனியில் எல்லோருக்கும் தெரியும். தங்கராசுவின் அப்பா, மலைக்குச் சிறுத்தை வேட்டைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரருக்குப் பறையடித்துப் புதர் கலைத்தவர். ஊரை விட்டுப் போகும்போது வெள்ளைக்காரர் பழசாகிப்போன துப்பாக்கியை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காலனிக்காரன் வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊர்த்தெருவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தலைமுறை மனு போட்டுப் பார்த்தார்கள். அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடைத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் லைசன்ஸைத் தவறாமல் புதுப்பித்தார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் அவர்களுடைய அறுபது சென்ட் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் மாட்டை விடுகிறவன், விடும் முன்னால் ஒரு தடவை யோசித்தான். துப்பாக்கி செய்த வேலை அவ்வளவுதான். அது சின்ன வேலை அல்ல.

மனைவி மீனம்பாள் கோட்டையிலிருந்து வர ஐந்தரை ஆனது. அவளுக்குக் கோட்டையில் தினக்கூலி வேலை. முள் வெட்டுவது, படி பெருக்குவது, வருகிறவர்கள் சுவரில் எழுதிவிட்டுப் போகும் பேர்களை எடுப்பது. களஞ்சியத்துச் சுவரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பெயிண்டால் பேர் எழுதி நடுவில் அம்பு விட்டுவிட்டுப் போவார்கள். அதைச் சுரண்டினால் காரை பெயர்ந்துவிடும். பழைய பேப்பரை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, தின்னரில் பிசைந்து பத்துப் போட வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் பெயிண்ட் தானாக இளகிக் கூழோடு வந்துவிடும். அப்புறம் மூங்கில் சீவல். இரும்பு படவே கூடாது. பதினோரு வருஷமாக அவள் ஊரார் காதலை இப்படி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

கேழ்வரகுக் கூழ்ச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் நடந்ததைச் சொன்னார். மகள் அறிவுமதி வாசற்படியில் நின்று கேட்டாள். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி வந்தவள்.

"கேணியில போட்டுட்டு காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்லாம்" என்றார் கன்னியப்பன்.

"இன்னிக்கு வாங்கினு வந்தத நாளைக்குக் காணோம்னா நம்புவானா?" மீனம்பாள் புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். "நம்பர் இருக்குது இல்ல அதுல. பெயிண்டுக்கு அடியில. எடுத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

"இருந்தா தெரியும்."

"இருந்தான்னா?"

அவர் கடித்த மோர்மிளகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை வேலை இல்லை. மீனம்பாள் விடியற்காலையிலேயே ஒரு அண்டாவில் பேப்பரை ஊறப்போட்டாள். கூட வேலை செய்யும் பவுனம்மாள் இடிக்க வந்தாள். வெயில் ஏறுவதற்குள் கூழ் தயாரானது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில்மேல் துப்பாக்கியைக் கிடத்தினார்கள்.

"உள்ள தோட்டா கீது இருந்துச்சின்னா?" என்றாள் பவுனம்மாள்.

"அதான் வாய அந்த மண்மேட்டுப் பக்கம் திருப்பி வச்சிருக்கறன். நீ அந்தப் பக்கம் போவாத."

"நான் எதுக்குப் போறன். எம் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

நுனியிலிருந்து அடிவரை பத்துப் போட்டு, உரச் சாக்கின் உள்தாளைச் சுற்றி நூலால் கட்டினாள். பார்க்க, கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்டதுபோல் இருந்தது. தின்னர் நெடியில் கோழிகள் ஒதுங்கிப் போயின. இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டைப் பிரித்து மூங்கில் சீவலை வைத்தபோது, நீலம் தோல் உரிகிறதுபோல் வந்தது. அதற்கடியில் பச்சை. மறுபடி பத்து. பச்சைக்கு அடியில் இன்னும் பல பூச்சு வந்தபின், ஒரு வருஷம் வீட்டுக் கதவுக்கு அடித்த சில்வர் பெயிண்ட்.

"இந்தக் கலரு நான் பொறந்த வருஷம்னு நைனா சொல்லியிருக்குது" என்றாள் அறிவுமதி.

"ஒன்னியும் சேத்துத்தான் உரிக்கிறன். புடி."

சாயங்காலத்துக்குள் கட்டையிலிருந்த சிவப்பு முழுக்க வந்துவிட்டது. உள்ளே இருந்தது கரும்பழுப்பு மரம். ஈரத் துணியால் துடைத்தால் உள்ளே நெருப்புபோல் ரேகை ஓடியது. பிடிக்கும் இடத்தில் கத்திமுனையால் போட்டதுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டையின் அடிப்பக்கத்தில் மட்டும், கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு முட்டை வடிவக் குழி. அதை யாரோ அரக்கு உருக்கி அடைத்திருந்தார்கள்.

"பூச்சி அரிச்சிருக்கும், அடச்சிருக்காங்க" என்றாள் பவுனம்மாள்.

கன்னியப்பன் நாள் முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை. மாட்டைக் கழுவினார். கழுவிய மாட்டை மறுபடி கழுவினார். அரக்குக் குழியைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

குழல் அவ்வளவு சுலபமாக இல்லை. பெயிண்டுக்கு அடியில் துரு, துருவோடு பெயிண்ட் ஒன்றாகக் காய்ந்திருந்தது. கோட்டையில் பீரங்கியைச் சுத்தம் செய்தபோது பார்த்த வேலை மீனம்பாளுக்கு ஞாபகம் இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்துவிட்டு, பழைய செப்புக் காலணாவின் விளிம்பால் தேய்க்க வேண்டும். செம்பு இரும்பைக் கீறாது, துருவை மட்டும் எடுக்கும். நாள் முழுக்கத் தேய்த்தால் ஒரு சாண் வரும். திங்கட்கிழமை காலை ஒரு சாண் தேய்த்து வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கிரைண்டர் சத்தம்.

கன்னியப்பன் கிரில் பட்டறையிலிருந்து கை கிரைண்டரை இரவல் வாங்கி வந்திருந்தார். துப்பாக்கியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் உப்புத்தாள் சக்கரத்தை வைத்திருந்தார். நெருப்புப் பொறி பறந்தது. மீனம்பாள் சுவிட்சுப் பெட்டியிலிருந்து ஒயரை வலித்துப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பட்டை வெள்ளிபோல் பளபளத்தது. அதில் எழுத்து இருந்திருக்கிறது. கடைசியில் ஐந்தாறு எழுத்து மிஞ்சியிருந்தது. முன்னால் இருந்ததெல்லாம் வழுவழு.

"அந்தக் கைய ஒடச்சிப் போட்டா இன்னா மாமா?"

"சீக்கிரம் ஆவட்டும்னு."

"எத்தினி பேர நான் செவுத்துலேர்ந்து எடுத்திருக்கறன். ஒரு நாளாவது ஒரு கல்லு கீறி இருப்பனா? ஒரு பூ கீறி இருப்பனா? நீ ஒரு மணி நேரத்துல பேரையே தேச்சுட்டியே. இதுதான் நம்பருன்னு இருந்திருந்தா? அந்தப் பொண்ணு காலங்காத்தால கெரவுண்டுல ஓடி ஓடிக் காலு வீங்கி வாங்கினது, உன் மிஷினுக்குப் போவட்டும்னா?"

"மா, விடு" என்றாள் அறிவுமதி. "நைனா, எதுக்கு இப்டிப் பண்ண? அம்மா தேச்சுனுதானே இருக்குது."

கன்னியப்பன் கிரைண்டரைக் கீழே வைத்தார். மில்லில் நூறு கிலோ மூட்டையை இறக்கும்போது செய்வதுபோல் ஒரு மூச்சை இழுத்து நிறுத்தி விட்டார்.

"நம்பர் இல்லன்னா இன்னிக்கே தெரிஞ்சிடட்டும்னுதான். தேச்சுத் தேச்சு வியாழக்கெழம வரைக்கும் பாத்துனு இருக்க என்னால ஆவல."

"ஏன் இல்லாம போவுது?"

"எனக்கு ஆறு வயசு. மழையே இல்ல. மரவள்ளித் தோலக்கூட அவிச்சுத் தின்னோம். நைனா துப்பாக்கிய ரிப்பேர் பண்றன்னு சாக்குல சுத்தினு பாண்டிச்சேரிக்குப் போனாரு. பதினஞ்சு நாளு ஆளக் காணோம். வரும்போது ரெண்டு வெள்ளாட்ட ஓட்டினு வந்தாரு, ஒரு மூட்ட அரிசி வேற. எப்டி வந்துச்சுன்னு ஆத்தா கேட்டுச்சு. சொல்லல. அந்தப் பொங்கலுக்குத்தான் மொதல் மொதல்ல துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிச்சாரு. அதுக்கு முன்ன அடிச்சதே கெடையாது." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "ஊர்த்தெருவுல அன்னிக்கே சொன்னாங்க. தங்கராசு ஒரிஜினல வித்துட்டான், எவனோ கொல்லன் செஞ்ச கொழாயத் தூக்கினு வந்து கலர் பூசிட்டான்னு. பள்ளிக்கூடத்துல பசங்க என்னியக் கொழாயின்னுதான் கூப்புடுவானுங்க. நான் சண்ட போட்டிருக்கறன். ஆனா எனக்குத் தெரியாது. அவர நான் ஒரு நாளும் கேக்கல."

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு கேக்கறது? நீ திருட்டு வேல பண்ணி எங்களுக்குச் சோறு போட்டியான்னு கேக்கறதா?"

மீனம்பாள் கிரைண்டரை எடுத்து அதன் ஒயரைச் சுற்றினாள்.

"இத்தக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. வந்து சோறு தின்னுட்டு மண்ணெண்ணெ ஊத்து. இனிமே நீயும் ஒக்காந்து தேய்க்கற."

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும். மூவரும் தின்றார்கள். கருவாட்டு வாசனையோடு தின்னர் வாசனையும் சோற்றில் ஏறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அறிவுமதி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். இந்த மாதிரித் துப்பாக்கிகளை வெள்ளைக்காரர்கள் கழற்றிப் பூட்டுகிற வீடியோக்களை இரண்டு நாளாக மொபைலில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மா, நம்பர் மேல இருக்காதும்மா. கொழலுக்கு அடியில, கட்டைக்குள்ள மறைஞ்சு இருக்கிற எடத்துல இருக்கும். முன்கட்டயக் கழட்டணும். அதுக்கு ஒரு ஆப்பு இருக்குது. இந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம் வரும். அப்பறம் விசைக்கு முன்னால இருக்கிற இந்தக் கம்பிய வெளிப்பக்கம் திருப்பினா கொழலு கீழ மடங்கும்."

"கம்பியா? அது வளையத்தோட சேந்தது இல்ல?"

"பெயிண்ட் ஒட்டினதால சேந்த மாதிரி இருக்குது."

ஆப்பின் தலையை மீனம்பாள் விரலால் தடவியே கண்டுபிடித்தாள். அரிசி அகலத்துக்கு ஒரு விளிம்பு. சுற்றிலும் எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். கன்னியப்பன் பூண் கழன்ற உலக்கையின் மொட்டைக் கட்டையையும் ஒரு மூங்கில் ஆணியையும் எடுத்து வந்தார். இரும்பு வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரு தட்டு. இரண்டு. பத்து. ஒரு காலத்தில் கிணற்றில் பாறை பிளக்க ஆப்பு அடித்த கை அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பதினாறாவது தட்டில் ஆப்பு மறுபக்கம் துருத்தியது. முன்கட்டை கையோடு வந்தது.

கம்பி மறுநாள் காலைவரை அசையவில்லை. புதன்கிழமை மீனம்பாள் வேலைக்குப் போகவில்லை. கொதிக்கக் கொதிக்கத் துணி ஒற்றடம் கொடுத்தபோது கம்பி ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு ஒற்றடம். கன்னியப்பன் இரு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினார். கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ஐம்பது வருஷமாக நேராக இருந்த துப்பாக்கி நடுவில் மடங்கியது.

தோட்டா இல்லை. குழல் இரண்டிலும் உள்சுவர் முழுக்க மெழுகு படிந்திருந்தது. தேன்மெழுகு, வேப்பெண்ணெய் வாசனையோடு.

"அதான் ஏட்டுக்கு மொழுமொழுன்னு தெரிஞ்சிருக்குது" என்றாள் மீனம்பாள். "துரு ஏறக் கூடாதுன்னு காய்ச்சி ஊத்தியிருக்காரு. ஒரிஜினல வித்துட்டு வாங்கின கொழாய்க்கு எவன் மெழுகு ஊத்துவான்?"

கன்னியப்பன் கேட்டும் கேட்காததுபோல் வெந்நீர் அண்டாவைத் தூக்கி வந்தார்.

குழலை நிமிர்த்திப் பிடித்துக் கொதிநீர் ஊற்றினார்கள். மஞ்சள் கட்டியாக மெழுகு கீழே விழுந்தது. துணியைக் குச்சியில் சுற்றி இழுத்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். நாலாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. மீனம்பாள் குழலைத் தூக்கி ராஜகிரி மலைப் பக்கம் வானத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தாள்.

குழலை மெல்லச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள்.

"இன்னா மீனா?"

"பாரு."

கன்னியப்பன் பார்த்தார். வட்டமாக வானம். அந்த வட்டத்திலிருந்து கண்வரைக்கும் குழலின் சுவர் முழுக்க வரி வரியாகப் புரி. எல்லா வரியும் ஒரே சீராக, அவசரமில்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே வந்தன. அங்கங்கே துருப் புள்ளி இருந்தது. ஆனாலும் வரி அறுபடவில்லை.

"எந்தக் கொல்லனும் இத்தச் செய்ய முடியாது" என்றார்.

"நம்பரு, நைனா" என்றாள் அறிவுமதி. "புரி இருக்குது சரி. வேற ரைஃபிளா இருந்தா?"

குழலின் அடிப்பக்கம், கட்டைக்குள் மறைந்திருந்த தட்டையான இடம், ஒரே துருவாக இருந்தது. மீனம்பாள் மண்ணெண்ணெய் விட்டுக் காலணாவால் தேய்க்க ஆரம்பித்தாள். வெயில் வேப்பமரத்தைத் தாண்டி முதுகில் விழுந்தது. அவள் நகரவில்லை. கன்னியப்பன் ஒரு பழைய உரச் சாக்கைத் தலைக்குமேல் பிடித்து நிழல் காட்டினார். மில்லுக்கு ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. அதற்குக் கீழே குறுக்காக இரண்டு கோல். பிறகு சற்றுத் தள்ளி ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு.

"ஒண்ணு, ஒண்ணு" என்றாள் அறிவுமதி.

நாலு வந்தது. ஏழு வந்தது. கடைசி இலக்கத்தின்மேல் துரு மொச்சைக்கொட்டைபோல் தடித்திருந்தது. காலணா வழுக்கியது. கன்னியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கிரைண்டர் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மீனம்பாள் ஒரு சிட்டிகைக் கூழை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து அதன்மேல் வைத்தாள். எழுந்து போய் முகம் கழுவி, பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்தாள். அரை மணி நேரம் மாட்டுக்குத் தவிடு கலந்தாள். அப்பாவும் மகளும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கூழுக்குக் காவல் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வந்து கூழை எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை தேய்த்தாள்.

மூன்று.

அறிவுமதி புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். கன்னியப்பன் சாக்கைக் கீழே விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். போனவர் வர நேரமாயிற்று. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் எட்டுப் பத்து துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. அனந்தபுரத்துப் பக்கத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் வெள்ளை வேட்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆர்மரர் ராஜாராம் ஒல்லியான ஆள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்த்தார். மீனம்பாளோடு வந்திருந்த கன்னியப்பன் கோணியைப் பிரித்ததும் ஏட்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"அதே கட்டயாயா இது?"

ராஜாராம் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். கம்பியைத் திருப்பினார், மடக்கினார், சின்ன விளக்கைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். ஒரு அளவுகோலை வாயில் செருகி எடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பி நம்பரைப் படித்தார், புத்தகத்தைப் பார்த்தார். கிரீட முத்திரையை விரலால் தொட்டார்.

"இது பர்மிங்காம்ல ரெட்டிப்பு மருந்து போட்டு வெடிச்சுப் பாத்து, கொழலு தாங்குதுன்னு அடிச்ச முத்திரை. கருமருந்து காலத்து ரைஃபிள். நூத்தி முப்பது வருஷத்துக்குக் கொறையாது. புலிக்கும் காட்டெருமைக்கும் செஞ்சது. சரியா இருக்குது." ஏட்டிடம் திரும்பினார். "புத்தகத்துல இருக்கிற அதே ஆயுதம்தான். எழுதிக்கோங்க."

கன்னியப்பன் காலியான கோணியை உதறி மடித்தார்.

ராஜாராமின் விரல் நடுப்பட்டைக்கு வந்து நின்றது. "கம்பெனி பேரு இங்க இருந்திருக்குது. இதுல யாரு கிரைண்டர் வச்சது?"

"நான்தான் சார்."

"கையை ஒடைக்கணும்."

"எங்க வூட்டுல ஏற்கெனவே சொல்லிட்டாங்க சார்."

முதல் தடவையாக ராஜாராம் சிரித்தார். "மத்த வேலைய யாரு செஞ்சது? சென்னையில குடுத்தீங்களா?"

"இதோ, இவங்கதான். கோட்டையில செவுரு சுத்தம் பண்றாங்க."

அவர் மீனம்பாளை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்துல ஒரு கீறல் இல்ல. எங்க ஆளுங்களே உப்புத்தாள் போட்டு நாசம் பண்ணுவாங்க. எதுல எடுத்தீங்க?"

"பேப்பரு சார். பழைய பேப்பரு."

அவர் நம்பாமல் தலையாட்டினார். கட்டையைத் திருப்பியவர் அரக்குக் குழியைப் பார்த்தார்.

"ஓ. இத்தக் கழட்டிட்டாங்களா."

"பூச்சி அரிச்சது சார்" என்றார் கன்னியப்பன்.

"பூச்சியா? இது தகடு பதிக்கிற எடம். வாங்கற தொரை பேர அதுல வெட்டுவாங்க. ஒசத்தித் துப்பாக்கின்னா தங்கத் தகடு. முக்கால் பவுன் இருக்கும். ரெண்டு ஆணியில நிக்கும், கத்தி முனையால நெம்பினா வந்துடும். எவனோ நெம்பி எடுத்துட்டு அரக்கு ஊத்தியிருக்கான். அது போனதால ஆயுதத்துக்கு ஒண்ணும் இல்ல. லைசன்ஸ் துப்பாக்கிக்குத்தான், தகட்டுக்குக் கெடையாது."

அவர் அடுத்த துப்பாக்கிக்குப் போய்விட்டார். கன்னியப்பன் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏட்டு கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டியதுகூட அவர் கண்ணில் படவில்லை.

கூட்டு ரோட்டு டீக்கடையில் டிவிஎஸ்ஸை நிறுத்தினார்கள். கோணி மீனம்பாளின் மடிமேல் இருந்தது. கன்னியப்பன் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"மறைக்கத்தான் பெயிண்ட் அடிச்சிருக்காரு" என்றார். "குழிய மறைக்க."

"அது தெரியுது."

"தகடு மேலதான் தொரை பேரு இருந்திருக்குது."

"ஆமா." மீனம்பாள் டீயை ஊதினாள். "உங்க நைனா துப்பாக்கிய விக்கல மாமா. வெள்ளக்காரன் பேரத்தான் வித்து ஆடு வாங்கியிருக்காரு."

கன்னியப்பன் அவளைப் பார்த்தார்.

"அந்த ஆட்டுப் பாலத்தான் நான் குடிச்சன்" என்றார். "தங்கச்சி குடிச்சுச்சு. ஒண்ணு குட்டி போட்டுப் போட்டுப் பட்டியே ஆச்சு. நம்ம அறிவுமதி வயசுக்கு வந்தப்போ வித்தது கூட அந்த வழி ஆடுதான்."

"அப்டின்னா தொரை பேரு உங்க எல்லார் வவுத்துலயும் இருக்குது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். டீ தளும்பிக் கையில் கொட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வருஷமாகச் சிரிக்காமல் வைத்திருந்ததை அவர் அங்கே நின்று சிரித்து முடித்தார்.

ஆடியில் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்தது. ஏட்டு வரவில்லை, புதிதாக மாற்றலாகி வந்த ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். அறிவுமதியின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மீனம்பாள் மோர் கொண்டு வந்து வைத்தாள்.

"வீட்டுல ஆயுதம் ஏதாவது இருக்குதா?"

"இருக்குது சார்" என்றாள் மீனம்பாள். "ரெட்டக்குழல் ரைஃபிள். பதினோராயிரத்து நானூத்தி எழுபத்தி மூணு."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கேட்காமலே கன்னியப்பன் உள்ளே போய் எடுத்து வந்தார். குழலை மடக்கி, காலியாக இருப்பதைக் காட்டி, இரு கையாலும் நீட்டினார். போலீஸ்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தில் எண்ணெய் மினுமினுத்தது. அரக்கையும் மீனம்பாள் எடுத்துவிட்டிருந்தாள். குழி சுத்தமாக, முட்டை வடிவத்தில், அடியில் இரண்டு ஆணித் துளையோடு இருந்தது.

"அழகா வச்சிருக்கீங்க. இது மட்டும் என்ன, குழி? அடைச்சுப் பெயிண்ட் அடிச்சிட வேண்டியதுதானே?"

"வோணாம் சார், அப்டியே இருக்கட்டும்" என்றார் கன்னியப்பன். "அங்கதான் எங்க ஆடு ரெண்டும் இருந்துச்சு."